ஒரே பொடியில் மூன்று டி.எச்.சி. அளவுகள்: ஹெம்ப் ரகங்களின் பகுப்பாய்வில் எதை எழுதுவது?

தளிர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

நான் தாவர வேதியியலில் முதுநிலை ஆய்வு செய்து வருகிறேன். நாருக்காக ஒன்று, விதைக்காக ஒன்று, பூங்கொத்துக்காக ஒன்று என மூன்று தொழிற்துறை ஹெம்ப் (போதைப்பொருள் மிகக் குறைந்த கஞ்சாச் செடி) ரகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலுள்ள கன்னாபினாய்டுகளின் (இந்தச் செடிக்குரிய சேர்மங்கள்; போதை தரும் டி.எச்.சி.யும் போதை தராத சி.பி.டி.யும் அவற்றுள் முக்கியமானவை) அளவை ஒப்பிடுவதே என் ஆய்வு. (சணல் என்று எழுதினால் கோணிப்பைக்கு நார் தரும் செடியையோ சணப்பையையோ நினைத்துக்கொள்வார்கள் என்பதால் ஹெம்ப் என்றே எழுதுகிறேன்.)

நார் ரகத்திலும் பூ ரகத்திலும் தலா 24 பெண் செடிகளின் உச்சிப் பூங்கொத்துகளை வெட்டித் தனித்தனிக் காகித உறைகளில் உலர்த்தினேன். பிறகு ஒவ்வோர் உறையிலிருந்தும் சம எடை எடுத்து, ரகவாரியாக ஒன்றாகப் பொடித்துச் சலித்தேன். அந்தப் பொடியில் 200 மில்லிகிராமை 20 மில்லிலிட்டர் மெத்தனாலில் இட்டு, மீயொலிக் குளியலில் வைத்துச் சாறு எடுத்து, வடிகட்டி எச்.பி.எல்.சி. (சாற்றிலுள்ள பொருள்களைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும்) கருவியில் செலுத்தினேன். பூ ரகத்தில் டி.எச்.சி.ஏ. 0.29 சதவீதம், டி.எச்.சி. 0.03 சதவீதம், சி.பி.டி.ஏ. 6.8 சதவீதம், சி.பி.டி. 0.5 சதவீதம் என்று கிடைத்தது.

குழப்பம் இதற்குப் பிறகுதான் தொடங்கியது. டி.எச்.சி.யையும் அதன் அமில வடிவமான டி.எச்.சி.ஏ.வையும் நேராகக் கூட்டினால் 0.32 வருகிறது. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் அமிலத்தை 0.877ஆல் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் 0.28 வருகிறது. உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று அதே சாற்றை ஜி.சி. (சாற்றைச் சூட்டில் ஆவியாக்கிப் பிரித்து அளக்கும்) கருவியில் செலுத்தினேன்; அது டி.எச்.சி. 0.24 என்றும் சி.பி.டி. 5.6 என்றும் காட்டுகிறது. ஹெம்ப் என்று ஏற்கப் பல நாடுகள் டி.எச்.சி.க்கு வைத்திருக்கும் வரம்பு 0.3 சதவீதம். ஒரே குப்பியில் இருந்த சாறு ஒரு கணக்கில் வரம்பைத் தாண்டுகிறது, இன்னொரு கணக்கில் தாண்டவில்லை. இவற்றில் எதை நான் நம்பி எழுதுவது?

நார் ரகத்தில் மொத்த சி.பி.டி. 1.50, மொத்த டி.எச்.சி. 0.15 என்று வந்திருக்கிறது. அதில் சிக்கல் ஏதும் இல்லை. விதை ரகத்தில் மட்டும் இன்னொரு ஐயம். விதைக்குள் கன்னாபினாய்டே இல்லை என்று படித்திருக்கிறேன். ஆனால் என் விதைச் சாற்றில் சிறிய அளவில் டி.எச்.சி. தெரிகிறது. என் கருவியில் பிழையா, நான் படித்ததில் பிழையா?

நிறமாலை எழுதியது:

தளிர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் தெளிவாக இருப்பதால், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியும்.

முதலில் 0.32 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். உயிருள்ள செடியில் டி.எச்.சி. என்பது அநேகமாக இல்லை. செடி உருவாக்குவது டி.எச்.சி.ஏ. என்ற அமிலத்தைத்தான். சூடு பட்டாலோ நாள் சென்றாலோ அந்த அமிலம் ஒரு கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி. ஆகிறது. அமிலத்தின் மூலக்கூறு நிறை 358, டி.எச்.சி.யின் நிறை 314. ஆகவே, 358 கிராம் அமிலம் முழுவதுமாக மாறினாலும் 314 கிராம்தான் கிடைக்கும். 314ஐ 358ஆல் வகுத்தால் வருவதே உங்கள் மூத்தவர் சொன்ன 0.877. சி.பி.டி.ஏ.வுக்கும் இதே நிறைகள் என்பதால் இதே காரணிதான் பொருந்தும். நேராகக் கூட்டும்போது, காற்றில் கலந்து போகவிருக்கும் கார்பன் டை ஆக்சைடின் எடையையும் சேர்த்து டி.எச்.சி. என்று எழுதிவிடுகிறீர்கள். 0.29ஐ 0.877ஆல் பெருக்கினால் 0.254, அதோடு 0.03ஐச் சேர்த்தால் 0.284. உங்கள் எச்.பி.எல்.சி. தரும் மொத்த டி.எச்.சி. இதுதான்.

இனி ஜி.சி.க்கு வருவோம். அந்தக் கருவியில் சாறு நுழையும் இடத்திலேயே கடும் சூடு இருப்பதால் அமிலங்கள் அங்கேயே சிதைந்து டி.எச்.சி.யாகவும் சி.பி.டி.யாகவும் மாறிவிடுகின்றன, எனவே ஜி.சி. காட்டுவது தானாகவே மொத்த அளவு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றம் முழுமையாக நடந்தால் அது சரிதான். ஆனால் அது முழுமையாக நடப்பது அரிது. நுழைவிடத்தின் வெப்பநிலை, உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயின் வடிவம், அதில் படிந்திருக்கும் பழுப்புக் கசடு என எல்லாமே அதைப் பாதிக்கும். உங்கள் எண்களிலேயே இதைப் பார்க்கலாம். அமிலத்திலிருந்து வர வேண்டிய டி.எச்.சி. 0.254; ஜி.சி.யில் வந்ததோ 0.24இல் ஏற்கெனவே இருந்த 0.03 போக 0.21. அதாவது 83 சதவீதம்தான் மாறியிருக்கிறது. சி.பி.டி.ஏ.விலிருந்து 5.96 வந்திருக்க வேண்டும், வந்தது 5.1, அதாவது 86 சதவீதம். இரண்டு அமிலங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைபட்டிருப்பதால், டி.எச்.சி. முகட்டை (கருவியின் வரைபடத்தில் அந்தப் பொருளுக்கு எழும் மேட்டை) அளந்ததில் தனியாகத் தவறு நேர்ந்திருக்காது. குறை நுழைவிடத்தில்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்வேன். தூய டி.எச்.சி.ஏ. தரப்பொருளை மட்டும் அதே ஜி.சி.யில் செலுத்தி, எவ்வளவு டி.எச்.சி. வெளிவருகிறது என்று ஒரு முறை அளந்து பாருங்கள். அமிலங்களை அமிலங்களாகவே ஜி.சி.யில் பார்க்க விரும்பினால் எம்.எஸ்.டி.எஃப்.ஏ. போன்ற சிலைலேற்றும் வினைப்பொருளைச் சேர்த்து, அவை சிதையாதபடி பாதுகாத்துச் செலுத்த வேண்டும்.

அதற்காக எச்.பி.எல்.சி. முடிவை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அதில் நான் கவலைப்படும் இடம் வேறு. உங்கள் சாற்றில் சி.பி.டி.ஏ. மில்லிலிட்டருக்கு 680 மைக்ரோகிராம், டி.எச்.சி. வெறும் 3 மைக்ரோகிராம். அளவுத்திருத்தக் கோடு (தெரிந்த அளவுகளைச் செலுத்தி வரையும் ஒப்பீட்டுக் கோடு) 1 முதல் 100 வரை என்று வைத்துக்கொள்வோம். சாற்றை அப்படியே செலுத்தினால் சி.பி.டி.ஏ. கோட்டுக்கு வெளியே போய்விடும். பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் சி.பி.டி.ஏ. 68 ஆகிக் கோட்டுக்குள் வந்துவிடும், ஆனால் டி.எச்.சி. 0.3 ஆகிக் கோட்டின் கீழ்முனைக்கும் கீழே இறங்கிவிடும். ஒரே ஓட்டத்தில் இரண்டையும் அளக்க முயல்வதுதான் ஹெம்ப் பகுப்பாய்வில் நான் அடிக்கடி காணும் தவறு. நீர்க்காத சாற்றில் டி.எச்.சி.யையும் டி.எச்.சி.ஏ.வையும், நீர்த்த சாற்றில் சி.பி.டி.ஏ.வையும் படியுங்கள்.

அதோடு, சி.பி.ஜி.ஏ., சி.பி.ஜி. என்ற வேறு இரண்டு கன்னாபினாய்டுகளும் உண்டு. சி.பி.ஜி.ஏ. முகடு சி.பி.டி.ஏ. முகட்டின் தோளிலும், சி.பி.ஜி. முகடு சி.பி.டி. முகட்டின் தோளிலும் சாய்ந்துகொண்டு வருவது வழக்கம். டையோடு வரிசை உணரி இருந்தால் ஒவ்வொரு முகட்டின் நிறமாலையையும் திறந்து பாருங்கள்: அமிலங்கள் 220 நானோமீட்டரை ஒட்டிய பகுதியோடு 270, 305 ஆகிய இடங்களுக்கு அருகிலும் ஒளியை உறிஞ்சும், அமிலமல்லாதவற்றில் 305 அருகே அந்த மேடு இராது. மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும் நிறைமாலைக் கருவி இருந்தால் பிரிகையைப் பற்றிக் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். அது இங்கே பொருந்தாது. டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஒரே 314 நிறையுள்ள மாற்றியங்கள் (அணுக்கள் ஒன்றே, அமைப்பு வேறு). பிரிகைக் குழாயில் அவை முன்னும் பின்னுமாகப் பிரிந்து வந்தால்தான் நிறைமாலைக் கருவியாலும் அவற்றைத் தனித்தனியே அளக்க முடியும்.

ஒன்று கேட்க வேண்டும். பொடியின் ஈரப்பதத்தை அளந்து கழித்தீர்களா?

நாற்றங்கால் எழுதியது:

நிறமாலை அவர்கள் கருவியின் பக்கத்தை நன்றாக விளக்கிவிட்டார். நான் பயிர்ப் பெருக்கத் துறையில் இருப்பவன். செடியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, நீங்கள் அஞ்சுகிற பூ ரகத்தைவிட, சிக்கல் இல்லை என்று ஒரே வரியில் கடந்துபோன நார் ரகம்தான் எனக்குக் கவலை தருகிறது.

இந்தச் செடியில் முக்கியக் கன்னாபினாய்டுகளுக்கெல்லாம் தாய் சி.பி.ஜி.ஏ. ஒரு நொதி அதை டி.எச்.சி.ஏ. ஆக்குகிறது; மற்றொரு நொதி அதையே சி.பி.டி.ஏ. ஆக்குகிறது. செடிகளை இவற்றின் விகிதத்தைக் கொண்டு மூன்று வேதி வகைகளாகப் பிரிக்கும் முறையை 1973இல் ஸ்மாலும் பெக்ஸ்டெட்டும் முன்வைத்தார்கள்: டி.எச்.சி. மிகுந்தது முதல் வகை, இரண்டும் கலந்தது இரண்டாம் வகை, சி.பி.டி. மிகுந்தது மூன்றாம் வகை. சி.பி.ஜி. மிகுந்த நான்காம் வகையும், கன்னாபினாய்டே இல்லாத ஐந்தாம் வகையும் பிற்பாடு சேர்ந்தன. பிரான்சின் சாந்திகா 27 நான்காம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. விகிதம் ஒரே மரபணு இருப்பிடத்தில் உள்ள இரண்டு அல்லீல்களால் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களால்) அமைகிறது என்ற மாதிரியை 2003இல் தெ மைஜரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள்.

உங்களுக்கு இங்கே உதவக்கூடிய செய்தி இதுதான்: சி.பி.டி.ஏ.வை உருவாக்கும் நொதி துல்லியமாக வேலை செய்வதில்லை, சி.பி.டி.ஏ.வோடு சிறிதளவு டி.எச்.சி.ஏ.வையும் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் தூய மூன்றாம் வகைச் செடியில்கூட டி.எச்.சி. பூஜ்யம் ஆவதில்லை, சி.பி.டி.யில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு முதல் முப்பதில் ஒரு பங்கு வரை அது இருக்கும். உங்கள் பூ ரகத்தில் மொத்த சி.பி.டி. 6.46, மொத்த டி.எச்.சி. 0.284, விகிதம் 23. குறைபட்ட ஜி.சி. முடிவிலும் 5.6ஐ 0.24ஆல் வகுத்தால் அதே 23தான். அந்த ரகம் மரபளவில் தூய்மையானது, அதில் டி.எச்.சி. கூடியிருப்பதற்குக் காரணம் சி.பி.டி. கூடியிருப்பதுதான். விகிதம் 23 என்றால் சி.பி.டி. 6.9ஐ எட்டும் நாளில் டி.எச்.சி. 0.3ஐத் தொட்டுவிடும். இதைக் கருவியாலும் மாற்ற முடியாது, உரத்தாலும் மாற்ற முடியாது. அறுவடையைச் சில நாள் முன்னதாக வைப்பது ஒன்றே வழி.

நார் ரகத்தில் 1.50க்கு 0.15, விகிதம் வெறும் 10. தூய மூன்றாம் வகையாக இருந்திருந்தால் டி.எச்.சி. 0.065 அளவில்தான் இருந்திருக்க வேண்டும். மிகுதி எங்கிருந்து வந்தது? 24 செடிகளில் ஒரே ஒரு செடி முதல் வகையாக இருந்து, அதில் டி.எச்.சி. 2 சதவீதத்தை ஒட்டி இருந்தால்கூட, அதைப் பொடித்துக் கலந்தபின் உங்களுக்கு இதே 0.15தான் வரும். சராசரி எண் வரம்புக்குள் இருப்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தச் செடியின் விதை அடுத்த பருவத்துக்குப் போனால் ரகமே கலைந்துவிடும். நல்லவேளையாக நீங்கள் உறைகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறீர்கள். 24 உறைகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்.

மாதிரி எடுத்த விதத்தைப் பற்றியும் ஒரு சொல். பூங்கொத்தின் உச்சியிலும், அதிலும் பெண் பூவைச் சுற்றியுள்ள சிறு செதில்களிலும் உள்ள சுரப்பி மயிர்களில்தான் பிசின் இருக்கிறது. கீழிலைகளுக்குப் போகப் போக அது குறையும், தண்டில் மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் 50 செடிகளிலிருந்து பெண் மஞ்சரியுள்ள உச்சி 30 சென்டிமீட்டரை வெட்டச் சொல்லி, விதையையும் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தண்டுத் துண்டுகளையும் நீக்கிவிடச் சொல்கிறார்கள். அமெரிக்க விதியில் உச்சி 5 முதல் 8 அங்குலம். ஒரே செடியை இரண்டு விதமாக வெட்டினால் இரண்டு எண்கள் வரும். எத்தனை சென்டிமீட்டர் வெட்டினீர்கள், பூத்து எத்தனை நாள் ஆனது என்பதை அளவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எண்ணெய்வித்து எழுதியது:

விதை பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கருவியிலும் பிழையில்லை, நீங்கள் படித்ததிலும் பிழையில்லை. விதை முற்றும்போது பிசின் நிறைந்த செதிலுக்குள்ளேயேதான் பொதிந்து கிடக்கிறது. தாளடிக்கும்போது அந்தச் செதில் நசுங்கி, பிசின் விதையின் மேலோட்டில் ஒட்டிக்கொள்கிறது. கை லென்ஸ் ஒன்றை எடுத்து விதையின் மேற்பரப்பைப் பாருங்கள். பழுப்பு வரிகளுக்கு மேலே செதில் துணுக்குகளும், தலை உடைந்த சுரப்பி மயிர்களும் தூசிபோல ஒட்டியிருப்பது தெரியும்.

நிரூபிப்பதும் எளிது. விதையில் ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபகுதியைக் குளிர்ந்த மெத்தனாலில் சில நொடிகள் அலசி உலர்த்துங்கள். அலசிய மெத்தனால், அலசிய விதை, அலசாத விதை என மூன்றையும் தனித்தனியே ஓட்டினால் டி.எச்.சி. எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். விதையை உடைக்காமல் அலசுவது முக்கியம். ஓடு விரிசல் விட்டிருந்தால் எண்ணெயும் கரைந்து வந்து முகடுகளைக் குழப்பும்.

விதை ரகத்தைக் கன்னாபினாய்டோடு நிறுத்திவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த விதையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், அதையடுத்து ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், சிறிதளவு காமா லினோலெனிக் அமிலம். கடைசியாகச் சொன்னது ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால், ரகங்களை ஒப்பிடுபவருக்கு அது நல்ல அடையாளம். கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக்கி உங்களிடம் இருக்கும் அதே ஜி.சி.யில் பார்க்கலாம்.

தளிர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சொன்னவற்றில் பலவற்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

ஈரப்பதத்தை நான் கழிக்கவில்லை. அளந்தபோது பூ ரகப் பொடியில் 9 சதவீத ஈரம் இருந்தது. 0.284ஐ 0.91ஆல் வகுத்தால் 0.312 வருகிறது. வரம்புக்குள் இருக்கிறது என்று மகிழ்ந்திருந்த எண் மீண்டும் வரம்பைத் தாண்டிவிட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நார் ரகத்தின் 24 உறைகளையும் ஓட்டினேன். நாற்றங்கால் ஐயா ஒரு செடியைச் சந்தேகித்தார். எனக்கு இரண்டு கிடைத்தன. 22 செடிகளில் விகிதம் 21க்கும் 25க்கும் இடையில் இருக்கிறது. 7, 19 ஆகிய எண்கள் இட்ட உறைகளில் மட்டும் சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் 1.1 சதவீதத்தை ஒட்டி இருக்கின்றன. திரையில் அந்த இரண்டு முகடுகளும் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்தபோது, இதை நான் சராசரிக்குள் புதைத்து ஆய்வேட்டில் எழுதியிருப்பேனே என்று நடுங்கிவிட்டேன்.

விதையை அலசியதில், டி.எச்.சி. முழுவதும் அலசிய மெத்தனாலில்தான் இருந்தது. அலசிய விதையில் என் கருவி உணரும் அளவுக்கு எதுவும் இல்லை.

இன்னொன்றும் கண்டேன். ஒரே ஜாடியில் மேலிருந்து எடுத்த பொடிக்கும் அடியிலிருந்து எடுத்த பொடிக்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. அடியில் இருப்பதில்தான் எப்போதும் கூடுதல்.

நிறமாலை எழுதியது:

ஜாடியின் அடியில் படிவது உதிர்ந்த சுரப்பி மயிர்களின் தலைகள். அவை நுண்ணியவை, ஆகவே ஜாடி அசையும் ஒவ்வொரு முறையும் இடுக்குகளின் வழியே கீழே இறங்கிவிடும். எடை போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பொடியை ஒரு தாளில் கொட்டி, நான்கு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறுகளைச் சேர்த்து எடுங்கள். அரைவையின் சுவரிலும் சல்லடைக் கண்ணிலும் ஒட்டும் பிசினைத் தூரிகையால் வழித்து மாதிரியோடு சேர்த்துவிடுங்கள். அதைக் கழுவி ஊற்றினால், செடியிலிருந்து வந்ததில் எது மிகச் செறிவானதோ அதையே இழக்கிறீர்கள்.

0.312 பற்றி. உலர் எடைக்குக் கணக்கிட்ட அந்த எண்தான் சரியானது. வரம்புகள் உலர் எடைக்கே வகுக்கப்பட்டவை. ஆனால் அதை மூன்று இலக்கத்தில் தனியாக நிறுத்தி எழுதுவது தவறு. ஐரோப்பிய முறையில் முடிவை இரண்டு தசம இடங்களில் எழுதி, 100 கிராமுக்கு 0.03 கிராம் விலக்கு அனுமதிக்கிறார்கள். அமெரிக்க விதியில் ஆய்வகம் தன் அளவீட்டு ஐயப்பாட்டையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். அந்த எல்லைக்குள் 0.3 அடங்கினால் பயிர் ஏற்கத்தக்கது. உங்கள் ஐயப்பாடு எவ்வளவு என்பதை நீங்கள்தான் கண்டறிய வேண்டும்: ஒரே பொடியிலிருந்து ஆறு தனித்தனி எடைகள், ஆறு தனித்தனிச் சாறுகள், இரண்டு வெவ்வேறு நாள்கள். ஒரே குப்பியை ஆறு முறை செலுத்துவதை ஆறு மீளாய்வுகளாகக் கணக்கிட வேண்டாம். அது கருவியின் ஒழுங்கை மட்டுமே காட்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2024இல் ஆர்.எம். 8210 என்ற ஹெம்ப் தாவர மேற்கோள் பொருளை வெளியிட்டிருக்கிறது. வாங்க முடிந்தால் அதையும் உங்கள் மாதிரிகளின் வரிசையில் நடுவில் வைத்து ஓட்டுங்கள். ஆறின் சராசரி 0.31 என்றும் ஐயப்பாடு 0.03 என்றும் வந்தால், 0.31 ± 0.03 என்று அப்படியே எழுதுங்கள். அதற்கு மேல் துல்லியம் காட்ட அந்தப் பொடியில் இடமில்லை.

நாற்றங்கால் எழுதியது:

இரண்டு செடிகளும் இரண்டாம் வகை என்பதால் அவற்றில் இரண்டு அல்லீல்களும் சேர்ந்திருக்கின்றன. பழைய விதைத் தொகுதியில் எங்கோ கலப்பு நடந்திருக்கிறது. உறை 7, உறை 19 ஆகியவற்றில் மீதி இருக்கும் பொடியை நன்கு மூடி, வெளிச்சம் படாமல், உறைநிலையில் வைத்துவிடுங்கள். வெளியே கிடந்தால் டி.எச்.சி. ஆக்சிஜனேற்றம் அடைந்து சி.பி.என். என்ற வேறு சேர்மமாக மாறத் தொடங்கும், பிறகு அந்த விகிதத்தை வைத்து எதையும் வாதிட முடியாது. அதே விதைப் பொட்டலத்தில் மீதி விதை இருந்தால் முளைக்கவிட்டு, நாற்றுப் பருவத்திலேயே ஒவ்வொன்றிலும் ஒரு சிறு இலையைக் கிள்ளி ஓட்டுங்கள். அந்தப் பருவத்தில் மொத்த அளவு மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டாம் வகைச் செடியை விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வேட்டில் நார் ரகத்துக்கு 0.15 என்ற ஒற்றை எண்ணைத் தர வேண்டாம். 24 செடிகளின் எண்களையும் சி.பி.டி. ஓர் அச்சிலும் டி.எச்.சி. மற்றோர் அச்சிலுமாகப் புள்ளிகளாக இட்டுக் காட்டுங்கள். 22 புள்ளிகள் ஒரு சரிவுக் கோட்டிலும் இரண்டு புள்ளிகள் அதற்கு வெகு மேலேயும் நிற்கும்.